சும்மா இருப்பவர்களின் கணக்கு

திருவண்ணாமலை,
11-3-1981

மரியாதைக்குரிய மாமா அப்பாசாமி அவர்கள் சமூகத்துக்கு, அக்காள் மகன் ராஜமாணிக்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அம்மா சுகம். நான் சுமார். தாங்களும் அத்தையும் ஆதிலட்சுமியும் எருமைகளும் நலமாக இருக்க அண்ணாமலையாரை வேண்டுவதாக எழுதச் சொல்லி அம்மா பக்கத்தில் நிற்கிறாள். எழுதிவிட்டேன். நான் வேண்டுவது வேறு.

எனக்கும் ஆதிலட்சுமிக்கும் வைகாசியில் வைத்திருந்த கல்யாணத்தை நிறுத்திவிட்டுத் தாங்கள் எழுதிய கடிதம் நேற்று வந்தது. நான்கு வரி. 'தருமன் வந்திருந்தார். உன் போக்கு பற்றிக் கேள்விப்பட்டோம். பெண்ணுக்கு இப்போது அவசரம் இல்லை. அக்காவிடம் சொல்லவும்.' மாமா, இதைவிட நீளமாகக் கடலைக்காய் மண்டிக்காரனே எழுதுவான். என் தரப்பையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். எல்லாம் தங்கள் கையில்தான் இருக்கிறது.

நடந்தது இதுதான். என்னைப்போல் பள்ளிக்கூடத்தில் தற்காலிக வாத்தியார் என்றால், நிரந்தர வாத்தியார்கள் வேண்டாம் என்பதெல்லாம் அவனிடம் வந்து சேரும். அப்படி வந்து சேர்ந்தது ஜனத்தொகைக் கணக்கு. தேரடிக்குப் பின்னால் இரண்டு தெரு. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பட்டணத்தில் எம்.ஏ. படித்தபோது ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. மனிதன் தானே யோசிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு முன்பே யாரோ யோசித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மேடையில் பேசும்போது அது தெரியாது. வீட்டுக்குள்ளே பார்த்துத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லும்போது தெரியும். அதை வீடு வீடாகப் போய்ப் பார்க்க சர்க்காரே ஒரு பையும் பேனாவும் கொடுத்து அனுப்புகிறது. யாருக்குக் கிடைக்கும்.

மூன்றாவது வீட்டிலேயே பிடித்துவிட்டேன். ஒரே ஒரு சொல். வீட்டுக்காரம்மா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால், ஆண்கள் எல்லோரும் ஒரே மாதிரி, "சும்மாதாங்க இருக்காங்க" என்கிறார்கள். உள்ளே அம்மிச் சத்தம். சும்மா. தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடமாக ஒருத்தி எங்களுக்கு நடுவே நுழைந்து போகிறாள். நாங்கள் காலை மடக்கி வழிவிடுகிறோம். சும்மா. சும்மா இருப்பது எப்படி என்று தெரிந்துகொள்ளச் சீமையிலிருந்து ஆட்கள் வந்து செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்து மாசக்கணக்கில் தங்குகிறார்கள். என் கணக்குப்படி அது தெரிந்தவர்கள் இரண்டு தெருவில் எழுபத்து மூன்று பேர். எல்லோரும் பெண்கள்.

இப்படியே எழுதிக்கொண்டு போயிருந்தால் எனக்கு வைகாசியில் கல்யாணம். பன்னிரண்டாவது வீடு தருமன் வீடு. தங்கள் கட்சிக்காரர், வார்டு செயலாளர். நாற்காலியில் உட்கார்ந்து, கீழ்பென்னாத்தூர்ப் பொதுக்கூட்டத்தில் பெண் விடுதலை பற்றிப் பேசுவதற்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். கீழே அவர் சம்சாரம் பச்சையம்மாள் கடலை மண்டியிலிருந்து வந்த ஒரு மூட்டை மல்லாட்டையைக் கூலிக்கு உடைத்துக்கொண்டிருந்தார். தொழில் என்ன என்றேன். முழுநேரக் கட்சி வேலை என்றார். வீட்டுக்காரம்மாவுக்கு என்றேன். அவர் நிமிரவே இல்லை. "சும்மாதான் இருக்கா."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அண்ணே, இது உங்களுக்கே தெரியாமல் உங்களுக்குள் இருக்கிற சித்தாந்தம் என்று ஆரம்பித்துவிட்டேன். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

"சித்தாந்தம்லாம் மடத்து ஆளுங்களுக்கு, தம்பி. நான் கோயில் வாசப்படி மிதிச்சே பதினெட்டு வருசம் ஆவுது."

அந்தச் சித்தாந்தம் இல்லை என்று விளக்க அரைமணி நேரம் ஆயிற்று. கட்சி வேலை வேலையென்றால் கடலை உடைப்பதும் வேலைதான் என்றேன். அவருக்குப் புரிவதற்கு முன்னால் பச்சையம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

"வேலைனு எழுதினா ரேஷன்ல எதனா ஜாஸ்தி குடுப்பாங்களா, தம்பி?"

"அதெல்லாம் இல்லம்மா."

"கம்மி பண்ணிடுவாங்களா?"

"அதுவும் இல்லம்மா."

"அப்ப சும்மானே எழுதிக்குங்க. அவருக்கும் கோவம் வராது. நானும் இந்த மூட்டைய முடிச்சுடுவேன்."

வேலை செய்கிறாரா என்ற கேள்விக்கு நேராக 'ஆம்' என்று எழுதினேன். எழுதியது இரண்டே எழுத்து. மிச்சத்தைத் தருமன் தானாகவே வாசித்துக்கொண்டார். "எம் பொண்டாட்டி ஒழைப்புல நான் ஒக்காந்து துன்றேன்னு டெல்லிக்கு எழுதிப் போடறியா நீ?" நான் அப்படி எழுதவில்லை, ஆனால் அவர் சொன்ன பிறகு, அது நல்ல வாக்கியமாக இருக்கிறதே என்று தோன்றியது. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள், வாத்தியார் பொம்பளைகளை வேலைக்கு அனுப்ப லிஸ்ட் எடுக்கிறார் என்று தெரு முழுக்கப் பேச்சு. மறுநாள் ஒரு வீட்டில், பெண்கள் யாருமே இல்லை என்றார் வீட்டுக்காரர். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் அதை உறுதி செய்தது.

இந்தத் தருமன்தான் பெண் விடுதலைக் கூட்டம் முடிந்த கையோடு தங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் மாப்பிள்ளை கட்டிக்கப்போகிற பெண்ணைக் கூலி வேலைக்கு அனுப்புவான் என்று சொல்லியிருக்க வேண்டும். தாங்கள் நம்பியிருக்கிறீர்கள். ஆதிலட்சுமிக்கு உண்மை தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் பிடித்து வந்தபோது தாங்கள் வயலுக்குப் போயிருந்தீர்கள். மோர் கொடுத்தாள். தருமன் கதையை முழுக்கச் சொன்னேன். அந்தச் சித்தாந்தம் வந்த இடத்தில் சிரித்தாள், மாமா. நான் பேசி ஒருத்தி சிரிப்பது எனக்குப் புதிது. பிறகு சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"எங்க அத்தைய என்னானு எழுதினீங்க?"

அவள் அத்தை என்றால் என் அம்மா. எங்கள் வீட்டைத்தான் முதலில் எழுதினேன், பழகிக்கொள்வதற்காக. அம்மா பெயருக்கு நேராக வேலை இல்லை என்று போட்டிருந்தேன். அதைச் சொன்னேன். அம்மா விடிவதற்கு முன் எழுந்து இருநூறு இட்லி ஊற்றி பஸ் ஸ்டாண்டுக் கடைக்கு அனுப்புவது எனக்குத் தெரியாதா. அதில்தான் நான் எம்.ஏ. படித்தேன். ஆனால் அதை நான் வேலை என்று நினைத்ததில்லை. அம்மா என்று நினைத்திருந்தேன். இது முரண்பாடுதான், ஆனால் சுவாரசியமான முரண்பாடு, இதை வைத்தே ஒரு கட்டுரை எழுதலாம் என்று அவளிடம் விளக்கினேன். எருமை கத்தியது, எழுந்து போய்விட்டாள். வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமானதால் நானும் கிளம்பிவிட்டேன்.

ஆகவே மாமா, தருமன் பேச்சை நம்பி அவசரப்பட வேண்டாம். மற்றவர்கள் தலைக்குள் உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடிக்கப் பழகியவன் நான். தங்கள் பெண் என்னிடம் நன்றாக இருப்பாள். அவளுக்கு என்மேல் குறை ஒன்றும் இல்லை என்பது நிச்சயம். தாங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தைக்கு நமஸ்காரம். தங்கள் ஆசீர்வாதத்தை எதிர்பார்த்து,

தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
ராஜமாணிக்கம்

பின்குறிப்பு: உறையில் தங்கள் விலாசத்தை எழுதி முடித்த நேரத்தில் தபால்காரர் வந்தார். ஆதிலட்சுமியின் கார்டு. கல்யாணத்தை நிறுத்தச் சொன்னது தான்தானாம். அப்பாவுக்கு அதை எழுதக் கூச்சமாக இருந்ததால் தருமன் மேல் போட்டுவிட்டாராம். தன் அத்தைக்கு என்ன வேலை என்று எழுதிவிட்டு வந்தால் மேற்கொண்டு யோசிப்பாளாம். யோசிப்பது அவளாம், நீங்கள் இல்லையாம். இது எனக்குத் தோன்றவே இல்லை, மாமா. அம்மாவிடம் போய், என்ன வேலை என்று எழுதட்டும் என்று கேட்டேன். "இருபத்தாறு வயசு கழிச்சு என்னாடா கேக்கற" என்றாள். மாவுப் பானையை மூடி வைத்துவிட்டு, "இட்லிக் கடைனு போடு" என்றாள். நாளைக்குத் தாசில்தார் ஆபீசுக்குப் போய்த் திருத்தக் கேட்கப் போகிறேன்.

எனவே மேலே 'மாமா' என்று வருகிற இடங்களில் 'ஆதிலட்சுமி' என்று மாற்றி வாசிக்க வேண்டும். எருமைகள் அப்படியே இருக்கலாம். அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை என்ற வரியை அடித்துவிடவும். வீட்டில் வேறு உறை இல்லாததால் தங்கள் பெயருக்கே அனுப்புகிறேன். தயவுசெய்து இதைப் பிரிக்காமல் அவளிடம் கொடுத்துவிடவும்.