பூட்டு சார் திறந்து காட்டிய டைரக்டரி

உலகத்தில் ஒருத்தரையும் நம்பக்கூடாது என்பதற்காகவே பிறந்தவர் எங்கள் பூட்டு சார். தொண்ணூறுகளின் கடைசியில் நான் செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் படித்த இன்ஸ்டிட்யூட்டின் லேபைக் கட்டி மேய்த்தவர். சைக்கிளை லேபுக்குள் கொண்டுவந்து பூட்டுவார். டிபன் பாக்ஸுக்கும் ஒரு குட்டிப் பூட்டு உண்டு. உள்ளே இருந்தது தயிர்சாதம்தான்.

லேப் கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் பொதுவாக ஓடிய யூனிக்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் சொந்தக்காரன், அவன் குழு, மற்றவர்கள் என்று மூன்று தரப்பு. படிக்க நாலு, எழுத ரெண்டு, இயக்க ஒன்று, கூட்டினால் ஏழு; ஆக மூன்று தரப்புக்கும் வரிசையாக மூன்று எண்கள். இதுவரை எனக்கும் புரிந்தது. ஃபைல்களைப் போட்டு வைக்கும் டைரக்டரிக்கும் இதே எண்கள்தான்; அதைப் போய் எப்படி இயக்குவது என்று சாரிடம் கேட்டேன். இயக்குவதென்றால் உள்ளே நுழைவதாம், படிப்பதென்றால் உள்ளே இருப்பவற்றின் பேரைப் பார்ப்பதாம். பேரைப் பார்த்தும் நுழைய முடியாமல் நிற்கலாம், நுழைந்தும் பேர் தெரியாமல் முழிக்கலாம். அன்று சுற்ற ஆரம்பித்த தலை எனக்கு.

கடைசி வாரம், ப்ராஜெக்ட். அதைக் காட்டினால்தான் சர்டிஃபிகேட். இல்லையென்றால் மதுராந்தகத்தில் அப்பாவின் நெல் மண்டிதான் கதி. கூடப் படித்த படாளத்து மோகனும் நானும் சேர்ந்து வேலை செய்ய வசதியாக என் டைரக்டரியை 777 ஆக்கினேன், யாரும் எதையும் செய்யலாம். என் ஃபைலுக்கு மட்டும் 444, யாரும் படிக்கலாம், எழுத முடியாது. பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

காட்ட வேண்டிய அன்று காலையில் போனால் ஃபைலே இல்லை. மோகன் அதே டைரக்டரியில் தன் குப்பை ஃபைல்களை அழித்தபோது என்னுடையதும் சேர்ந்து போயிருக்கிறது. "கம்ப்யூட்டர் இன்னாவோ கேட்டுச்சு மச்சான், எஸ்ஸுக்கு ஒய்னு அடிச்சேன்" என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பூட்டுப் போட்ட ஃபைல் எப்படிப் போகும் என்று பூட்டு சாரிடம் ஓடினேன்.

"அழிக்கிற உரிமை ஃபைல்ல இல்லப்பா, டைரக்டரில கீது. பொட்டிய பூட்டிட்டு வூட்டத் தொறந்து வச்சா, பொட்டியோட தூக்கிகினு போவான்."

சொல்லிவிட்டு, கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டைத் தட்டினார். அவர் டைரக்டரி 700, அவரைத் தவிர யாரும் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அதில் என்ன ரகசியம் என்று வருஷம் பூராவும் பேசியிருக்கிறோம். திரையில் வரிசையாக எங்கள் பெயர்கள். எங்கள் எல்லோருடைய வேலையையும் தினம் சாயங்காலம் நகல் எடுத்து வைத்திருக்கிறார் மனுஷர். என் ப்ராஜெக்டும் முந்தின நாள் வரைக்கும் பத்திரமாக இருந்தது.

சர்டிஃபிகேட் வாங்கி, இருபது வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தும், டைரக்டரிக்கு எந்த எண் என்று இன்றைக்கும் குழம்புகிறேன். குழம்பினால் 700 போட்டுவிட்டு, பூட்டு சாரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வேன்.