சங்குக்குக் களிம்பு எடுத்த காலை

பேயை நம்புகிறவன் நிதானமாக ஓடுவான். நம்பாதவன்தான் தலைதெறிக்க ஓடுவான். இதை அறுபதுகளில், நெய்வேலிச் சுரங்கத்தில், என் சொந்தக் கால்களால் கண்டுபிடித்தேன்.

அப்போது நான் எலெக்ட்ரீஷியன். பெர்மனென்ட் ஆக இன்னும் ஒரு மாதம். (நடையில் மட்டும் ஏற்கெனவே சீஃப் இன்ஜினியர்.) மார்கழி. காலை ஷிப்டுக்கு இறங்கினால் பள்ளம் முழுக்கப் பனி. பக்கத்தில் நிற்பவரின் முகமே தெரியாது. அந்தப் பனிக்குள்ளிருந்து ஒரு முனகல் வரும், வாயைப் பொத்திக்கொண்டு யாரோ அழுவதுபோல. கன்வேயர் பெல்ட் ஓடுமுன் ஊதுகிற சங்குதான் அது. ஆனால் பெல்ட் நின்றிருக்கும். பொத்தானை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

"அது மிசினு இல்லீங்க," என்றார் குள்ளஞ்சாவடியிலிருந்து வரும் கான்ட்ராக்ட் தொழிலாளி கலியன். "இங்க முன்ன சுடுகாடு இருந்துச்சு. அதுங்கதான் கூப்புட்டுகினே இருக்குதுங்க."

"கனெக்‌ஷன்ல களிம்புங்க. சுத்தம் பண்ணிட்டா எந்தப் பேயும் வாயத் தொறக்காது," என்றேன், நாலு பேர் கேட்கும்படி.

தனியாகப் போனேன். பியூஸைப் பிடுங்கியதும் முனகல் நின்றது. அந்த அமைதி முனகலைவிட மோசமாக இருந்தது. சங்கின் பெட்டியைத் திறந்தால் திருகெல்லாம் பச்சைக் களிம்பு. ஒயர்களைக் கழற்றி, உப்புத்தாளால் செம்பு பளபளக்கும்வரை தேய்த்தேன். பனிக்குள் யாரோ மூச்சுவிடுவது கேட்டது. (என் மூச்சுதான். அப்போது தெரியவில்லை.) எல்லாவற்றையும் முறுக்கிவிட்டு பியூஸைச் செருகினேன்.

ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு என் காதருகே, பொத்தியிருந்த கை விலகியதுபோல, அது முழுத் தொண்டையில் அலறியது.

"ஐயோ, நான் இல்ல!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். சங்கு நிற்காமல் ஊதினால் மண் சரிகிறது என்று பொருள். ஷிப்டே என் பின்னால் மேலே ஏறியது. பனியில் கேட்ட காலடிகளெல்லாம் சுடுகாட்டுக்காரர்களுடையவை என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினேன்.

ஃபோர்மேன் அந்தோணிசாமி இறங்கிப் போய்ப் பார்த்தார். கோளாறு பெல்ட்டின் மறுமுனையில்: பொத்தான் பெட்டிக்குள் பனி ஈரம் இறங்கி, கரண்ட் கசிந்திருக்கிறது. களிம்புதான் இத்தனை நாள் சங்கின் குரலை அமுக்கி வைத்திருந்தது.

"பேய்க்குத் தொண்டைய சரி பண்ணிட்டியேப்பா," என்றார். பெர்மனென்ட் ஆறு மாதம் தள்ளிப்போனது.

அடுத்த வருடம் காடாம்புலியூரில் பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் அப்பா என்னையே உற்றுப் பார்த்தார். அன்று என் பின்னால் ஓடிவந்தவர்களில் ஒருவர்! கதை முடிந்தது என்று எழுந்தேன்.

"ஒக்காருங்க மாப்ள," என்றார். "ஆபத்துன்னா மொத ஆளா ஓடுறீங்க. எம் பொண்ணு தாலிக்கு என்னா பயம்?"

இன்றும் வீட்டில் குக்கர் விசிலடித்தால், என் மனைவி முதலில் வாசற்கதவைத் திறந்துவிடுகிறாள்.