மாமனார் பெயரில் ஒரு எறும்பு

மதிப்பிற்குரிய மூத்த சகலை அவர்களுக்கு,

இளைய சகலை பணிவோடு எழுதுவது. இங்கே நானும், உங்கள் கொழுந்தியாளும், சமையலறையில் இருக்கும் சுமார் ஆயிரத்து நானூறு எறும்புகளும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும், உங்களிடம் பல் பிடுங்கிக்கொண்டு போனவர்களும் நலமாக இருக்க வேண்டும்.

உங்களால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. மாமா வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருகிறார். அதற்கு முந்தின நாள் கட்டுப்பல்லைச் சரிபார்க்க உங்களிடம் வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, வாய் நிறையப் பஞ்சோடு இருக்கும் நேரம் பார்த்து, அந்த எறும்புக்கு அவர் பெயரை வைக்க முடியாமல் போய்விட்டது என்ற செய்தியை நீங்கள் சொல்லிவிட வேண்டும். எனக்குத் தெரிந்து, மாமா பதில் பேசாமல் ஒரு விஷயத்தை முழுதாகக் கேட்கக்கூடிய இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான். போனில் சொல்லலாம் என்றால், நீங்கள் பேசும்போது அவர் பக்கத்தில் நின்றாலும் நிற்பார். அதனால்தான் கடிதம்.

நடந்ததை ஆதியிலிருந்து சொல்லிவிடுகிறேன். நான் அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் எறும்புகளை வகைப்படுத்தும் வேலையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும். "எறும்பு பிடிக்கிறவனுக்கா என் பொண்ணு?" என்று ஒன்பது வருஷத்துக்கு முன்பு கேட்டவர், கல்யாணத்துக்கு வந்து கை நனைக்காமல் போனவர், அதன்பிறகு எங்கள் வாசல்படியை மிதிக்கவே இல்லை. அவர் மகள் மாதம் ஒரு கடிதம் போடுவாள். பதில் வராது. எனக்கு அதில் பெரிய வருத்தம் இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவள் ஜன்னலை விட்டு நகரும் விதத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்பு பாலைவனத்துக்குப் போனபோது இந்த எறும்பு கிடைத்தது. மற்ற எறும்புகளெல்லாம் வளைக்குள் பதுங்கும் உச்சி வெயிலில் இது வெளியே வந்து விதை பொறுக்கும். செந்நிறம், நீண்ட கால்கள், இடுப்பில் இரண்டு கணு, தாடைக்கு ஏழு பல். உங்கள் தொழிலுக்குப் பக்கத்தில் வருவதால் பல் கணக்கைச் சொன்னேன். வளைக்குப் பத்தடி தூரத்தில் நிழல் விழுந்தாலே போதும், நூறு பேர் சண்டைக்கு வந்துவிடுவார்கள். எறும்பு கடித்துவிட்டது என்கிறோம். அது கடிப்பது சும்மா பிடிமானத்துக்குத்தான், வலி வருவது பின்னால் உள்ள கொடுக்கினால். என்னுடைய இடது கையில் ஏறிய வலி பதினோரு நிமிடத்தில் முழங்கையையும் இருபத்தாறாவது நிமிடத்தில் தோளையும் அடைந்தது, நோட்டில் குறித்திருக்கிறேன். தலையில் உள்ள மயிரை எண்ணி, தாடையை அளந்து, எங்கள் பிரிவில் இருக்கும் அத்தனை வேலைக்கார எறும்புகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். எதனோடும் ஒத்துப்போகவில்லை. புது இனம்தான் என்று முடிவுசெய்து கட்டுரை எழுதி, பெயர் வைக்கிற இடத்தில் மாமாவின் பெயரைப் போட்டு, வால் பக்கம் லத்தீன் விதிப்படி ஓர் இகரம் சேர்த்து, ஆய்விதழுக்கு அனுப்பினேன். மூன்றும் பெண்ணாகிப்போய், பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லை என்று அவருக்கு ஒரு குறை உண்டல்லவா? எறும்பாவது சொல்லட்டும் என்று நினைத்தேன்.

உங்கள் கொழுந்தியாள் இதை அவருக்கு எழுதினாள். ஒன்பது வருஷத்தில் முதல் பதில் வந்தது. "அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வருகிறேன். எறும்பைப் பார்க்க வேண்டும்." அவ்வளவுதான். அந்த இரண்டு வரியை அவள் எத்தனை தடவை படித்தாள் என்று நான் எண்ணவில்லை. எண்ணுவதுதான் என் தொழில் என்றாலும் எண்ணவில்லை. மறுநாள் காலையிலேயே வீட்டைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

வினை அங்கேதான் தொடங்கியது. எங்கள் பிரிவில் கூரை ஒழுகுவதால் பழுது பார்க்கிறார்கள். ராணியோடு பாலைவனத்தில் பிடித்து, உயிரோடு வளர்க்கும் இந்தக் கூட்டத்தைக் கண்ணாடிப் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, இருப்பதிலேயே சூடான அறை என்பதால் சமையலறையில் வைத்திருந்தேன். சென்ற வியாழக்கிழமை அவள் எல்லா ஜன்னல்களையும் சாத்திக்கொண்டு, மாமா படுக்கப்போகும் விரிப்புகளைப் பெரிய அண்டாவில் போட்டு இரண்டு மணி நேரம் வேகவைத்தாள். அறை முழுக்க ஆவி. பெட்டிக்குள் இருந்தவர்கள் மழை பெய்துவிட்டதாக முடிவுசெய்துவிட்டார்கள். பாலைவன எறும்புக்கு மழை என்றால் முகூர்த்தம். அதுவரை பெட்டியின் அடியறையில் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருந்த ஆண் எறும்புகள், இறக்கை வைத்த மாப்பிள்ளைகள், மூடியில் இருந்த காற்றுத் துவாரம் வழியாகக் கிளம்பிச் சமையலறை முழுவதும் பறந்தன. நான் வேலையிலிருந்து வந்தபோது, அவள் அண்டாவின் மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நாற்காலிமேல் நின்றுகொண்டிருந்தாள். ஆண் எறும்புக்குக் கொடுக்கு கிடையாது, பயப்பட ஒன்றுமில்லை என்று விளக்கினேன். அந்த நேரத்தில் அது அவளுக்குப் பிடித்த தகவலாக இல்லை.

பத்துப் பதினைந்தைப் பிடித்து மறுநாள் உருப்பெருக்கியில் வைத்தேன். சின்னத் தலை, முட்டைக்கண், கறுப்பு உடம்பு. பெட்டியில் இருக்கும் சிவப்புப் பெண்களுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்றுதான் எவரும் சொல்வார்கள். எனக்கு மட்டும் எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. நாலு நாள் தேடினேன். ஏழாவது அலமாரி, கடைசி இழுப்பறை. எண்பத்திரண்டு வருஷத்துக்கு முன்பு யாரோ ஒருவர், விளக்கைச் சுற்றிய ஒற்றை ஆண் எறும்பைப் பிடித்து ஊசியில் குத்தி, வளை எது, வீட்டுப் பெண்கள் யார் என்று விசாரிக்காமல், அதற்கு ஒரு பெயரும் வைத்து அச்சேற்றிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டும் ஒன்றுதானா என்று உறுதிப்படுத்த ஆண் எறும்பின் பின்முனையை நுணுக்கமாகப் பார்க்க வேண்டும், பார்த்தேன், ஒன்றுதான். அதற்குமேல் குடும்பத்துக்கு எழுதும் கடிதத்தில் வேண்டாம்.

பெயர் வைப்பதில் விதி ஒன்றே ஒன்று: முந்தி வைத்தது நிற்கும், பிந்தி வைத்தது விழும். மாமா முப்பது வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்தவர். ஒரே மனைக்கு இரண்டு பத்திரம் இருந்தால் எது செல்லும் என்று நாம் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த உதாரணத்தையே நீங்கள் நாற்காலியில் வைத்துச் சொல்லலாம்.

இந்த விஷயம் இன்றைக்கு உலகத்தில் எனக்கும் உங்கள் கொழுந்தியாளுக்கும் மட்டும்தான் தெரியும். அவள் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்.

"நீங்க சொல்லலேன்னா எறும்பா போய்ச் சொல்லப்போகுது?"

"நாளைக்கு வேற ஒருத்தர் அந்த இழுப்பறையைத் திறப்பாரே" என்றேன்.

"எண்பது வருஷமா யாரும் திறக்கல. அப்பா இருக்கிற வரைக்கும் திறக்காம இருந்தா போதும்" என்றாள். பிறகு, "அவர் என்னைப் பார்க்க வரல. அந்தப் பேரைப் பார்க்கத்தான் வர்றார். பேரு இல்லேன்னா வரமாட்டார்" என்று சொல்லிவிட்டு, வெந்த விரிப்புகளை மறுபடி கொடியில் போடப் போய்விட்டாள்.

நான் இன்று காலை ஆய்விதழுக்கு எழுதி, கட்டுரையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். தெரிந்தே ஒரு தவறான பெயரை அச்சில் விட என்னால் முடியாது. இருப்பது இருக்கிறபடி எழுதப்பட வேண்டும். எறும்பானாலும் மாமனாரானாலும் எனக்கு அதுதான் கொள்கை. அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. மாமாவுக்கு விஷயம் தெரிந்த பிறகும் அவர் கிளம்பி வரும்படி ஏதாவது செய்ய முடியுமானால் செய்யுங்கள். நான் கேட்பது அதைத்தான், மற்றதெல்லாம் விளக்கம்.

அக்காவுக்கு எங்கள் இருவரின் வணக்கங்கள். பிள்ளைகள் சொத்தைப் பல் இல்லாமல் நீண்ட நாள் வாழ ஆசீர்வதிக்கிறேன்.

உண்மையை மட்டுமே எழுதும்
தங்கள் இளைய சகலை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அழைப்பு மணி அடித்தது. வாசலில் மாமா, கையில் பையோடு நின்றார். செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார், கட்டுப்பல்லைக்கூடச் சரிபார்க்கவில்லை. மகளைப் பார்த்து, "இளைச்சுட்டியே" என்றார். அவள் அழுதாள். அவர் நேராகச் சமையலறைக்குப் போய், மூடியைத் திறந்து விரலை விட்டார். கொட்டு வாங்கிய விரலை ஆறு நிமிடம் உதறினார். அப்புறம் என்னைத் தனியாக மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். "மாப்பிள்ளை, ஒண்ணு கேட்பேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்தப் பேரை எடுத்துடுங்க" என்றார். இந்த வீட்டு ஆளாக என்னை அவர் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவரோடு காலையில் நடக்கிறவர்களில் ஒருவர் எங்கேயோ எறும்பைப் பற்றிப் படித்துவிட்டு வந்து, எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். "ஆம்பளை எறும்புக்கு வேலையே கிடையாதாம். ஒரு நாள் பறக்குமாம், அதோட கதை முடிஞ்சுதாம். வீட்டை நடத்துறதெல்லாம் பொம்பளைங்கதானாம். ரிட்டயர் ஆன மனுஷன்கிட்ட சொல்ற பேச்சா இது?" கடிதத்தில் கேட்க வெட்கமாக இருந்ததாம், அதனால் நேரில் கேட்கவே முன்கூட்டிக் கிளம்பியிருக்கிறார்.

கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது, விதிகள் கடுமையானவை, மிகவும் சிரமம் என்றேன். பிறகு, "உங்களுக்காகப் பார்க்கிறேன் மாமா" என்றேன். "பெரிய மனசு உங்களுக்கு" என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கொடியில் காய்ந்த விரிப்புகளுக்குப் பின்னாலிருந்து சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. ஆகவே நீங்கள் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். மேலே எழுதியது அத்தனையையும் படித்ததும் கிழித்துவிடுங்கள். கொள்கையைப் பற்றிய வரியை முதலில் கிழியுங்கள்.

மாமா இப்போது பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். விரலில் ஈரத்துணி. இன்றைக்கு இட்ட முட்டை எறும்பாகி வெளியே வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். நாற்பது நாள் ஆகும் என்றேன். "சரி, அதைப் பார்த்துட்டே போறேன்" என்றார். ராணி தினமும் முட்டையிடும் என்று உங்கள் கொழுந்தியாள் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.