நாலு செவலை எஞ்சின்

ஒரு காட்டில் சிங்கராஜாவுக்குச் சொந்தமாக ஓர் எண்ணெய்ச் செக்கு இருந்தது. அதை இழுத்துச் சுற்றிவந்தது செவலை என்ற மாடு. கூலி பிண்ணாக்கு. வேலை போனால் என்ன ஆகும் என்பது செவலைக்குத் தெரியும். முதலாளி சிங்கம் அல்லவா, மாட்டுக்கு ஓய்வு கொடுத்தால் இலை போட்டு உட்கார்ந்துவிடும்.

ஒருநாள் நரி ஒரு நீராவி எஞ்சினைக் கொண்டுவந்து, இதற்கு எட்டுக் குதிரை பலம் என்றது. அந்தக் காட்டில் யாரும் குதிரையைப் பார்த்ததில்லை.

"குதிரைய நான் தின்னதுகூட இல்லையேப்பா. மாட்டுக் கணக்குல சொல்லு" என்றது சிங்கம்.

நரிக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஆந்தையைக் கூப்பிட்டார்கள். நட்சத்திரங்களை அளந்துகொண்டிருந்தவரை ஆந்தையை யாரும் சீந்தியதில்லை. ராஜாவுக்கு எண்ணெய்க் கணக்கு தேவைப்பட்ட அன்றுதான் அந்தக் காட்டில் இயற்பியல் பிறந்தது. கிணற்றுக்குள் ஒரு பாறையைக் கட்டித் தொங்கவிட்டு, மாடு அதை எவ்வளவு வேகமாக மேலே இழுக்கிறது என்று பார்த்தால் போதும் என்றது ஆந்தை.

செவலை யோசித்தது. தான் அதிகமாக இழுத்தால் எஞ்சினின் மவுசு குறையும், வேலை தங்கும். போதாததற்கு மாமனார் வீட்டு மாடுகள் வேறு வேடிக்கை பார்க்க வந்திருந்தன. நாக்குத் தள்ள இழுத்தது. மைத்துன மாடு பெருமையில் அழுதேவிட்டது.

இதுதான் ஒரு மாடு என்று ஆந்தை முடிவாகச் சொன்னது. அதே பாறையை எஞ்சினும் இழுத்தது. அந்தக் கணக்கில் அது வெறும் நாலு மாடுதான். இதற்கா இவ்வளவு புகை என்று சிங்கம் நரியைத் துரத்திவிட்டது. செவலை, பாவம், நிம்மதியாக அசைபோட்டது.

ஆனால் அளக்கக் கற்றவர்களுக்குக் கை சும்மா இருக்காது. மறுநாள் ஆந்தை செக்கடிக்கு வந்து, வழக்கம்போல் நடந்துகொண்டிருந்த செவலையை அளந்தது.

"ராஜா, இது அரை மாடுதான்."

"அந்த ஒரு மாடே நான்தானே சாமி?" என்றது செவலை.

"அது அலகுப்பா. நீ வெறும் மாடு" என்றது ஆந்தை.

சிங்கம் விரல்விட்டு எண்ணியது. எஞ்சின் நாலு மாடு என்றால் எட்டுச் செவலை. உடனே நரிக்கு ஆள் போனது. மதியச் சமையலுக்கும் சொல்லி அனுப்பியது.

எஞ்சினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்தார்கள். ஆந்தைக்கு ஆய்வுக்கூடம் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே போட்ட கணக்கால் எஞ்சின்கள் பெருத்தன. எஞ்சின்கள் பெருக்கப் பெருக்க ஆய்வுக்கூடமும் பெருத்தது. மறைந்தவருக்கு மரியாதை செய்யவேண்டாமா? ஆந்தை அந்த அலகுக்குச் 'செவலை' என்று பெயர் வைத்தது. மாமனார் வீட்டில் இன்றும் அதே பேச்சுத்தான்.

நீதி: உயிரைக் கொடுத்து உழை. உயிர் எப்படியும் போகும். அலகுக்காவது உன் பெயரை வைப்பார்கள்.