லேமினேஷன் போட்ட பெட்ரோல் பில்கள்

எதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. என் மனைவியின் தம்பி செல்வம் எதிரில் இருந்தால் அது இன்னும் கொஞ்சம் ஏறும்.

கள்ளக்குறிச்சியில் நான் மருந்தடிக்கும் ஸ்பிரேயர் விற்கிறேன். அவன் தார்ப்பாய் விற்கிறான். இரண்டுக்கும் கிராக்கி கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம்தான். மலைக்குப் போய்வந்த பெட்ரோல் பில் இருந்தால் வியாபாரச் செலவில் கழிக்கலாம், இல்லையென்றால் அதற்கும் சேர்த்து வரி கட்ட வேண்டும் என்று எங்கள் ஆடிட்டர் சொல்லியிருந்தார். செல்வம் பில்களைத் தேதிவாரியாக அடுக்கி ஒரு மஞ்சப்பையில் வைத்திருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"மழையில நனைஞ்சா இன்னா பண்ணுவ? குடு இப்டி, லேமினேஷன் போட்டுடறேன்."

"வாணாம் மாமா. பையில நல்லாத்தான் இருக்குது."

விடுவேனா? ரேஷன் கார்டிலிருந்து மின்சார அட்டை வரை லேமினேஷன் போட்டவன் நான். (ஒரு கல்யாணப் பத்திரிகைக்கும் போட்டேன். கல்யாணத்துக்குப் போகவில்லை.) இருவர் பில்களையும் பிடுங்கிப் போய் பஸ் ஸ்டாண்டு கடையில் கொடுத்துவிட்டு, மூங்கில்துறைப்பட்டுக்குக் கிளம்பிவிட்டேன். பாதி வழியில் கடைக்காரர் போன் செய்தார்.

"அண்ணே, பில்லு இன்னாமோ ஒரு மாதிரி ஆவுதுண்ணே..."

"போடச் சொன்னா போடுங்க. உங்களுக்கு எதுக்கு ஆராய்ச்சி?"

மனிதர் போட்டுவிட்டார். பேப்பரில் சுற்றிக் கொடுத்த கட்டை நான் பிரித்துக்கூடப் பார்க்காமல், செல்வத்தையும் அழைத்துக்கொண்டு போய் ஆடிட்டர் மேஜையில் வைத்தேன். பிரித்தார். உள்ளே கன்னங்கரேலென்று நீள நீளமாக அட்டைகள். பெட்ரோல் பங்க்கில் தருவது சூட்டில் எழுத்து விழும் காகிதமாம். இன்னொரு முறை சூடு பட்டால் மொத்தமும் கறுத்துவிடுமாம்.

"இதுல வெள்ளிமலைக்குப் போனது எதுங்க?" என்று கேட்டார் ஆடிட்டர்.

நான் ஒன்றை எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். (ஆமாம், பார்த்தேன்.)

செல்வம் காலி மஞ்சப்பையை நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. என் பில்கள் போனது என் திமிருக்கு. அவன் என்ன பாவம் செய்தான்? அவனுக்குக் கூடுதலாக வந்த வரியை நான் தருகிறேன் என்றேன். வாங்க மறுத்துவிட்டான்.

போன மாதம் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி லக்னப் பத்திரிகையை நீட்ட, நான் கையை நீட்டினேன். என் மனைவி குறுக்கே வந்தாள்.

"அவருகிட்ட வாணாங்க. தம்பி, நீ வாங்கு."

சம்பந்தி வீட்டார் ஏன் என்று கேட்க, முழுக் கதையும் அங்கேயே அவிழ்க்கப்பட்டது. எல்லோரும் சிரித்து ஓயும்வரை நான் தாம்பூலத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வம் பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கி, தன் மஞ்சப்பையில் வைத்துக்கொண்டான்.