சரசக்காவின் செக்கிங்கைத் தாங்காத சென்சார்

தான் செய்த பொருளைப் பற்றிப் பெருமை பேசுகிறவன், முதலில் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட வேண்டும். இந்த ஞானம் எனக்குப் பிறந்த நேரம் டைரியில் இருக்கிறது: செவ்வாய்க்கிழமை, காலை 11.10.

அப்போது நான் ஆராய்ச்சி மாணவன். செயற்கைக்கோளில் வைப்பதற்காகக் கடுகைவிடச் சற்றே பெரிய வெப்ப சென்சார் ஒன்றை வடிவமைத்திருந்தேன். ஆறு மாத உழைப்பில் உருப்படியாக வந்தது அது ஒன்றுதான். மறுநாள் கதிர்வீச்சுச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். தவறினால் ஒரு வருடக் காத்திருப்பு. அதற்குமுன் சூட்டைத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கல்லூரி ஆய்வக அடுப்போ பழுது. (அதுவும் என் கைங்கரியம்தான்.)

பெருமாநல்லூரில் என் மச்சான், அதாவது அக்காவின் கணவர், பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். அங்கே லேபிளைச் சூட்டில் ஒட்டும் மிஷினின் தட்டில் வைத்துச் சோதித்தேன். சென்சார் அசரவில்லை. பூரிப்பில் அதை ஒரு வெள்ளைக் குழந்தை பனியன்மேல் வைத்து, செக்கிங் டேபிளில் பனியன்களைச் சரிபார்க்கும் சரசக்காவிடமும் மற்றப் பெண்களிடமும் பிரசங்கம் செய்தேன்: "இது சூரியனுக்குப் பக்கத்துல போனாலும் ஒண்ணும் ஆகாதுங்க!"

செல்போன் அடித்தது. பேசிவிட்டுத் திரும்பினால், பனியன் இருக்கிறது, சென்சார் இல்லை.

"சரசக்கா, இதுமேல ஒண்ணு இருந்துதே?"

"கறுப்பா ஒரு தூசிங்களா? நூல் உறிஞ்சற மிஷின்ல காட்டி உட்டுட்டனுங்க."

"ஐயோ, அது தூசி இல்லீங்க அக்கா, ஆறு மாசம்!"

அந்த மிஷின் உறிஞ்சிய வெட்டுநூல் சேரும் மூட்டைக்குள் தலையை விட்டேன். மச்சான் சொன்னார்: "ஏனுங் மாப்ளே, சூரியனைத் தாங்குதுன்னீங்க, சரசக்காளைத் தாங்கலீங்களே!"

சரசக்கா சிரிக்கவில்லை. "தம்பி, அதுல இரும்பு இருக்குதுங்களா?"

"மூடியில கொஞ்சம் இருக்குதுங்க."

"அப்ப எந்திரிங்க."

துணியில் ஒடிந்த ஊசி கிடந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும் மிஷின் ஒன்று பேக்கிங் பக்கம் உண்டு. சரசக்காவும் நான்கு பெண்களும் டீக்குப் போகாமல், நூலைக் கைப்பிடி கைப்பிடியாக அதில் விட்டார்கள். முதல் சத்தம், ஊசி முனை. இரண்டாவது, ஸ்டேப்ளர் பின். 12.55-க்கு மூன்றாவது சத்தம்: என் சென்சார், பஞ்சுத் தலைப்பாகையுடன்! ஒயரை மாட்டினேன், என் உள்ளங்கைச் சூட்டைச் சரியாகச் சொன்னது.

துணியில் குறை இருக்கும் இடத்தைக் காட்டச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். சரசக்கா அதில் ஒன்றை உரித்து என் சட்டைமேல் ஒட்டினார். "டேமேஜ் இங்கதானுங்க."

கதிர்வீச்சுச் சோதனையிலும் சென்சார் தேறியது. என் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் அந்த ஐந்து பெண்களின் பெயர்களும் பேராசிரியர் பெயருக்கு முன்னால் இருக்கின்றன. (காரணம் கேட்டார்; சொன்னேன்; கையெழுத்துப் போட்டார்.)

இன்றும் நான் எந்தச் சோதனைக்குக் கிளம்பினாலும், என் அக்கா வாசலில் நிறுத்தி என் சட்டையில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவாள். சரசக்கா கொடுத்தனுப்பியதுதான். சோதனை முடியும்வரை நான் அதை உரிப்பதில்லை.