நாலு நாள் சஸ்பென்ஷன்

இந்த முறை ஒரு சொட்டுத் தேத்தண்ணிகூடச் சிந்தாது என்று மதுரன் சபதம் எடுத்தபோது, அவன் மனைவி வதனி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சபதம் எடுக்கிற புருஷனை நிமிர்ந்து பார்க்காத மனைவியைப் போல எரிச்சல் மூட்டுவது உலகத்தில் வேறொன்றும் இல்லை.

மதுரன் தன்னாமுனைக்காரன். மட்டக்களப்பு நகரத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். வயது நாற்பத்தொன்று. மகள் தனுஷியாவுக்கென்று ஒரு பெட்டி பிளாஸ்டிக் கட்டைகள் வாங்கிக் கொடுத்தான். ஒன்றோடொன்று பொருத்தி வீடு, வாகனம் என்று கட்டுவார்களே, அந்தக் கட்டை. மகள் இரண்டாம் நாள் கைவிட்டாள். தகப்பன் மூன்றாம் நாள் கைவைத்தான். ஐந்து வருசமாகியும் வைத்த கையை எடுக்கவில்லை.

இப்போது அவன் கட்டுவது ஒரு சிவப்பு பஸ். ஒரு முழ நீளம். கதவு திறக்கும், சின்ன மோட்டரில் ஓடும். எல்லாம் சரி. சஸ்பென்ஷன்தான் சரிவரவில்லை. பள்ளம் வந்தால் சில்லு மட்டும் இறங்க வேண்டும். மேடு வந்தால் சில்லு மட்டும் ஏற வேண்டும். மேலே இருக்கிற பஸ்ஸுக்கு இதெல்லாம் தெரியவே கூடாது. சொல்ல லேசு. ஒவ்வொரு சில்லையும் தனித்தனி நீட்டுக்கட்டையில் பூட்டி, அந்தக் கட்டைக்கும் பஸ்ஸின் சட்டத்துக்கும் நடுவில் ஸ்பிரிங் வைத்தான். ஒரு ஸ்பிரிங் வைத்தால் பஸ்ஸின் வயிறு நிலத்தில் தட்டியது. இரண்டு வைத்தால் பஸ் விறைத்துப்போய், சோதித்துப் பார்க்க வைத்த பென்சிலில் ஏறித் துள்ளியது. ஒன்றரை ஸ்பிரிங் எந்தக் கடையிலும் விற்பதில்லை. வீட்டிலிருந்த பேனைகள் எல்லாம் குடல் உருவப்பட்டுக் கிடந்தன. வதனியின் தலைமயிர் லாஸ்டிக்கில் ஒன்றாவது மிச்சமில்லை.

"இஞ்சாருங்க, இந்த வீட்டில எழுதுற பேனை ஒண்டாவது இருக்கா?"

"இது ஆராய்ச்சி, வதனி. சொக் அப்சோபர் இல்லாம வாகனம் ஓடுமா?"

"உங்களப் பாத்துப் பாத்து எனக்குத்தான் சொக் அடிக்குது. கட்டையோட விளையாடுற வயசுமில்ல, கட்டையில போற வயசுமில்ல. ரெண்டுக்கும் நடுவில நிண்டு என்ட உயிர வாங்குறீங்க."

சனிக்கிழமை நகரத்தில் கட்டைக்காரர்களின் கண்காட்சி. வரிசையாகப் பத்துப் பென்சில் அடுக்கி, வாகனத்தின் கூரையில் கோப்பை நிறையத் தேத்தண்ணி வைத்து, மேலால் ஓட்டிக் காட்ட வேண்டும். போன வருசம் ஏறாவூர் பஹ்மியின் ஜீப் ஒரு துளி சிந்தாமல் போய்ச் சேர்ந்தது. மதுரனின் லொறி நாலாவது பென்சிலில் குப்புற விழுந்து, பிரதம விருந்தினரின் வெள்ளைச் சேர்ட்டுக்குச் சாயம் போட்டது. அன்றிலிருந்து பஹ்மி போன் எடுத்தால் "மச்சான், சேர்ட் காஞ்சிட்டா?" என்றுதான் தொடங்குவான். இந்த முறையும் தோற்றால் மதுரன் போன் நம்பரை மாற்ற வேண்டியதுதான்.

அதற்காகத்தான் செவ்வாய் தொடக்கம் வெள்ளி வரை நாலு நாள் லீவு போட்டான். சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

வதனியின் தகப்பன் கந்தப்போடிக்குச் செங்கலடிக்கு அங்கால் பெரிய வட்டை, ஏக்கர் கணக்கில் நெல்வயல். மாசி மாத வெள்ளாமை வெட்டுக்கு வந்து நாலு நாள் நிற்கும்படி பொங்கலன்றே மருமகனைக் கேட்டிருந்தார். மதுரன் அப்போது நெஞ்சில் கைவைத்து, "புதுசா வந்த மேலதிகாரி ஒரு நாள் லீவு தாறாரில்ல மாமா" என்று உருக்கமாகச் சொல்லிவிட்டான். சொன்னபோது கண்கூடக் கலங்கியது. அவ்வளவு நல்ல பொய்.

திங்கட்கிழமை பின்னேரம் வதனியிடம் கெஞ்சினான்.

"அப்பாட்ட லீவெண்டு மட்டும் சொல்லிப்போடாத."

"என்னயப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் வேணாம். லீவெண்ட சொல் உன்ட வாயால வரக்கூடா. அவ்வளவுதான்."

"சரி. வராது."

இவ்வளவு லேசாக வதனி எதற்கும் ஒத்துக்கொண்டது கிடையாது. மதுரன் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிற மூளை முழுக்க ஸ்பிரிங்குக்குள் கிடந்தது.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு அவித்த பயறு ஒரு கோப்பையோடு பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளை வந்தாள். அவள் புருஷன் பெருந்தெருவில் கராஜ் வைத்திருப்பவர். பயற்றைக் கொடுத்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டாள்.

"வதனி சொன்னவ தம்பி. சஸ்பென்ஷனாமே."

கந்தோரில் பதினைந்து வருசம் குப்பை கொட்டியவனுக்கு, அடுத்தவர் வாயிலிருந்து வரும்போது அந்தச் சொல்லுக்கு ஒரே கருத்துத்தான். ஆளை வேலையால் நிறுத்தி வீட்டுக்கு அனுப்புவது. மதுரனின் கையிலிருந்த சில்லு விழுந்து கதிரைக்கு அடியில் உருண்டது.

"பிழை எங்க எண்டு கண்டுபிடிச்சாச்சா?"

"இ... இன்னும் இல்லக்கா."

"மேல இருந்துதானே அமத்துது?"

மதுரனுக்கு விளங்கிவிட்டது. மேலதிகாரி விசயம்வரை வதனி சொல்லியிருக்கிறாள். "ஓமக்கா. மேல இருந்துதான்."

"நான் சொல்றனெண்டு குறை நினைக்காதீங்க. தாங்க வேண்டியது உள்ளுக்க ஒதுங்கி நிண்டா அமுங்கித்தான் போகும். கொஞ்சம் வெளிய வந்து நிண்டாத்தான் நிமிரலாம். எங்கட மனிசனும் இதத்தான் சொல்லுவார்."

"வெளிய வர வெக்கமாக் கிடக்கக்கா."

சீதேவிப்பிள்ளை அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். "பயறு ஆறப்போகுது, தின்னுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு விறுக்கென்று போய்விட்டாள்.

மதுரன் குசினிக்குள் பாய்ந்தான்.

"அக்காட்ட என்ன சொன்னாய்?"

"லீவெண்டு சொல்லல்ல. சத்தியம்."

"சஸ்பென்ஷன் எண்டிருக்கிறாய்!"

"ஓம். பொய்யா? நாலு மாசமா இந்த வீட்டில வேற சொல் கேட்டிருக்கா?"

"சனம் என்ன நினைக்கும்?"

"பாவமெண்டு நினைக்கும். ஆராவது பிழையா விளங்கினா நீங்க போய்த் திருத்துங்க. லீவிலதான் நிக்கிறன் எண்டு சொல்லுங்க. அப்பாட காதுக்கும் எட்டட்டும்."

மதுரன் கோபத்தில் பயறு முழுவதையும் தின்று முடித்தான். உப்புக் கொஞ்சம் கூட.

பதினொரு மணிக்குப் படலையில் ட்ரக்டர் வந்து நின்றது. இறங்கியது கந்தப்போடியேதான். தோளில் சால்வை, காலில் சேறு.

"மருமகன், புள்ள போன்ல சொன்னா. சஸ்பென்ஷன் எண்டு."

மதுரன் ஒரு நொடியில் கணக்குப் போட்டான். லீவென்று ஒத்துக்கொண்டால் மாமனாரிடம் பொய் சொன்னவன். சஸ்பென்ஷன் என்றால் வெறும் பாவப்பட்டவன். பாவப்பட்டவனாக இருப்பது சுகம். தலையைக் குனிந்தான்.

"ஓம் மாமா. கந்தோரிலதான். மேலதிகாரிக்கு என்னில ஒரு கறள். நாலு நாளைக்கு நிப்பாட்டி வெச்சிருக்காங்க. விசாரணை நடக்குது."

கந்தப்போடி அவனைப் பார்த்தார். மேசையில் வயிறு தட்டிக் கிடந்த சிவப்பு பஸ்ஸைப் பார்த்தார். மகள் வதனியைப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள். மனிதர் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்குப் போய் முதுகு காட்டி நின்றார். தோள் இரண்டும் குலுங்கின.

மதுரனுக்கு நெஞ்சு இளகிப்போயிற்று. கலியாணம் கட்டிப் பதினாலு வருசத்தில் மாமனார் தனக்காக அழுது அவன் கண்டதில்லை. பின்னால் போய், "அழாதீங்க மாமா" என்றான்.

"என்னால ஏலாமக் கிடக்கு மருமகன்" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. கொஞ்ச நேரம் எடுத்துத் தன்னைச் சரிப்படுத்தினார். "சும்மா குந்தி இருந்தா மனம் கண்டதையும் யோசிக்கும். வட்டைக்கு வாங்க. வெட்டு மெசின் வந்து நிக்குது."

"மாமா, சனிக்கிழமைக்கு இந்த பஸ்..."

"வேலை போற நேரத்தில விளையாட்டா மருமகன்? கந்தோர்தான் உங்கள விட்டிட்டே, மறுகா என்ன? ஏறுங்க."

லீவு இல்லை என்ற சாட்டும் போய்விட்டது, வேலை இருக்கிறது என்ற சாட்டும் போய்விட்டது. வதனி ஏற்கெனவே சோறு கட்டி வைத்திருந்தாள். சோற்றுப் பொதி எப்போது தயாரானது என்று கேட்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

வெட்டு மெசின் நெல்லைக் கொட்டிவிட்டுத் தன்பாட்டில் போய்விடும். மற்றதெல்லாம் மனிதன் செய்ய வேண்டும். படங்கு விரித்துக் காயப் போட வேண்டும், காலால் கிளற வேண்டும், மூடையாகக் கட்ட வேண்டும், மூடையை ட்ரக்டர்ப் பெட்டியில் ஏற்ற வேண்டும். மதுரன் ஏற்றினான். முதல் நாள் முதுகு போனது. இரண்டாம் நாள் கழுத்து போனது. மூன்றாம் நாள் போவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. போக வர அதே ட்ரக்டர்ப் பெட்டிதான். அதற்கு ஸ்பிரிங்கும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. வழியிலுள்ள பள்ளம் ஒவ்வொன்றும் நேரே அவன் முள்ளந்தண்டில் வந்து ஆஜர் கொடுத்தது. வீட்டுக்கு வந்து பஸ்ஸின் முன்னால் குந்துவான். ஸ்பிரிங்கைக் கையில் எடுப்பான். அப்படியே கொட்டாவி விட்டு மேசையில் சரிவான்.

வட்டையிலும் நிம்மதி இல்லை. ட்ரக்டர் ஓட்டுகிற இளையதம்பி மூடை தூக்கும்போதெல்லாம் கேட்பான்.

"ஐயா, சஸ்பென்ஷன் சரிவந்திட்டா?"

"கடிதம் வரோணும் இளையதம்பி."

இளையதம்பிக்கு உடனே இருமல் பிடிக்கும். மற்றவர்களும் இருமுவார்கள். அந்த நாலு நாளும் வட்டையில் இருமாத மனிதனே இல்லை. நெல்லுத் தூசு பொல்லாதது என்று மதுரன் நினைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை பஹ்மி போன் எடுத்தான்.

"மச்சான், ஒன்ட சஸ்பென்ஷன் எப்பிடி?"

"எதக் கேக்கிறாய்?"

"எதயெண்டா? ஒனக்கு எத்தின சஸ்பென்ஷன் கா இருக்கு?"

மதுரன் போனை வைத்துவிட்டான். அடுத்த மூடை காத்திருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கந்தப்போடி அவனை வீட்டு வாசலில் இறக்கினார். புது நெல் ஒரு மூடையும் இறங்கியது. மருமகனின் தோளில் தட்டினார். அந்தத் தோள் வலித்தது.

"நல்லாப் பாடுபட்டீங்க மருமகன். நீங்க இல்லாட்டி முடிஞ்சிருக்காது. இண்டையோட லீவு முடியுது, என்ன?"

ட்ரக்டர் புகை விட்டுக்கொண்டு போய்விட்டது. மதுரன் படலையடியில் நின்றான். லீவு. மனிதர் லீவென்றுதான் சொன்னார். நாலு நாள் இருமல் முழுவதும் ஒரே நேரத்தில் அவன் காதுக்குள் கேட்டது.

"வதனீ!"

கத்திக்கொண்டு உள்ளே போனான். வதனி நிலத்தில் குந்தியிருந்தாள். முன்னால் பத்துப் பென்சில். பென்சிலின் மேல் சிவப்பு பஸ். பஸ்ஸின் கூரையில் கோப்பை நிறையத் தேத்தண்ணி. சில்லு ஏறியது, இறங்கியது, ஏறியது, இறங்கியது. பஸ்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பத்தாவது பென்சிலையும் கடந்து வந்து அவன் பெருவிரலில் மெல்ல முட்டி நின்றது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"இதெப்பிடி?"

"சீதேவிப்பிள்ளை அக்கா அண்டைக்கே உங்களிட்டச் சொன்னாவே. ஸ்பிரிங் உள்ளுக்க ஒதுங்கி நிக்குது, வெளிய எடுங்க எண்டு. சில்லுப் பக்கமா ரெண்டு ஓட்டை தள்ளிப் பூட்டினன். பத்து நிமிசம் போகல்ல."

மதுரன் கதிரையில் விழுந்தான்.

"அக்கா பஸ்ஸையா சொன்னவ?"

"வேற என்னத்த? பஸ்ஸுக்குச் சஸ்பென்ஷன் சரிவருதில்ல எண்டு சொன்னன். கராஜ்க்காரர்ட பொஞ்சாதி, வழி சொல்ல வந்தா. நீங்க வெக்கமாக் கிடக்கு எண்டீங்களாம். பாவம், பயந்துபோய் ஓடிப் போயிட்டா."

"அப்பாட்ட என்ன சொன்னாய்?"

"அதேதான். லீவெண்ட சொல் என்ட வாயால வரல்ல. செவ்வாக்கிழமை காலையில வீட்டில குந்திக்கொண்டு பஸ் செய்யிற கந்தோர் மனிசன் லீவிலதான் நிக்கிறார் எண்டு அவருக்கு விளங்காதா?"

"அப்ப கந்தோரில... என்னய... சஸ்பென்ஷன் எண்டு..."

வதனி பஸ்ஸின் கூரையிலிருந்த கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தாள்.

"பஸ்ஸுக்குச் சஸ்பென்ஷன் போட்டது நான். உங்களுக்குப் போட்டது நீங்க."